நீளம் போதாத தந்தி: பேஸ் கிட்டார் இயங்கும் விதம்

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளில் மிகத் தடித்ததான ஈ தந்தி, விரல் எதுவும் அழுத்தாத நிலையில், நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அதே சுரத்தை எழுப்பும் டபுள் பேஸில், அதாவது வயலின் குடும்பத்தின் ஆளுயர வாத்தியத்தில், தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 42 அங்குலம். பேஸ் கிட்டாரில் அது பெரும்பாலும் 34 அங்குலம்தான். தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கும் வசதிக்காகக் குறைக்கப்பட்ட இந்த எட்டு அங்குலத்துக்கு வாத்தியத்தின் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு வகையில் ஈடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. தந்தி ஏன் அவ்வளவு தடிமன், கழுத்துக்குள் ஏன் உலோகத் தண்டு, பிரிட்ஜில், அதாவது உடலின்மேல் தந்திகள் முடியும் பாகத்தில், ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சாடில் என்ற சிறு துண்டுகள் ஏன் ஒரே கோட்டில் நிற்பதில்லை என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கிருந்தே தொடங்குகிறது.

கிட்டார் போலக் கிடையாகப் பிடித்து வாசிக்கும், ஃப்ரெட் (சுரங்களின் இடங்களில் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வைத்த மின் பேஸை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் 1930களிலேயே ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் செய்து விற்றார், அது பரவவில்லை. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் 34 அங்குல நீளத்தை வழக்கமாக்கியது. இன்று வேறு நிறுவனங்கள் செய்யும் பேஸ்களிலும் பெரும்பாலானவை அந்த அளவையே பின்பற்றுகின்றன.

தந்தியின் சுருதியை அதன் நீளம், இழுவிசை, நிறை ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதைப் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1636இல் விதிகளாக வகுத்துத் தந்தார். நீளம் இரு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். இழுவிசை நான்கு மடங்கானால் அது இரட்டிக்கும். குறிப்பிட்ட நீளத் தந்தியின் நிறை நான்கு மடங்கானால் அது பாதியாகும். இந்த விதியைக் கொண்டு கிட்டாரையும் பேஸையும் ஒப்பிடலாம். ஃபெண்டர் வகை மின் கிட்டாரின் தந்தி நீளம் 25.5 அங்குலம். பேஸ் அதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்க வேண்டும். நீளத்தை மட்டுமே கூட்டி அதைச் சாதிக்க 51 அங்குலம் தேவைப்படும். கிடைப்பதோ மூன்றில் ஒரு பங்கு அதிகமான 34 அங்குலம். மீதியை நிறைதான் ஈடுகட்டியாக வேண்டும். ஆகவே கிட்டாரில் 0.046 அங்குல விட்டத்தில் இருக்கும் ஈ தந்தி, பேஸில் 0.105 அங்குலமாகத் தடிக்கிறது. விட்டம் இரண்டேகால் மடங்கு என்றால் நிறை ஐந்து மடங்கு. கணக்கை முடித்துப் பார்த்தால் இழுவிசையும் இரு மடங்குக்கு மேல் உயர்ந்து, கிட்டாரில் சுமார் 8 கிலோவாக இருந்தது பேஸில் சுமார் 18 கிலோவாகிறது.

இழுவிசையைக் குறைத்துச் சமாளிக்கக் கூடாதா என்றால், தளர்ந்த தந்தி அகலமாக வீசி ஃப்ரெட்டுகளில் மோதும். மீட்டிய கணத்தில் சுருதி சற்றே ஏறி, பிறகு இறங்கும். நிறையை மட்டும் கூட்டுவதிலும் சிக்கல் உண்டு. இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்த ஒற்றை எஃகுக் கம்பி, தந்தி என்ற நிலையைவிட்டு வளைய மறுக்கும் உலோகக் கோல் என்ற நிலையை நோக்கி நகர்கிறது. விறைப்பே இல்லாத இலட்சியத் தந்தியில், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே எழும் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என முழுப் பெருக்கங்களாக அமையும். விறைப்புள்ள கம்பியிலோ அவை மேலே செல்லச் செல்ல அந்த இடங்களைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். அப்போது ஒலி மணியோசையின் சாயலைப் பெற்று, சுருதி எதுவென்று காது தடுமாறும். இதற்குக் கிடைத்த தீர்வு எளிமையானது. மெல்லிய எஃகு உள்ளிழையின்மேல் நிக்கல் பூசிய எஃகுக் கம்பியையோ துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையோ நெருக்கமாகச் சுற்றிவிடுகிறார்கள். சுற்று நிறையைக் கூட்டுகிறதே தவிர விறைப்பை அதிகம் கூட்டுவதில்லை. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், உள்ளிழையின் தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

மேல்சுற்றுக் கம்பியின் வடிவமும் ஒலியை மாற்றுகிறது. தட்டையான பட்டை சுற்றிய தந்தி மழுமழுப்பாக இருக்கும். அதன் உயர் மேற்சுரங்கள் விரைவில் அடங்கிவிடும். உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி பளிச்சென்று ஒலிக்கும். பிரிட்டனின் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் தி ஹூ ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து 1966இல் அதற்குத் தந்த வடிவமே ராக் இசையில் நிலைபெற்றது. ஆனால் உருண்டைச் சுற்றின் இடுக்குகளில் வியர்வையும் தோல் துகளும் படியும். அப்படிப் படிந்தவை அதிர்வை உறிஞ்சுவதால் ஒலியின் பளிச்சென்ற தன்மை சில வாரங்களிலேயே மங்கிவிடுகிறது. கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் துருவும் சேர்ந்துகொள்ளும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது, ஆல்கஹாலில் ஊறவைத்து மீட்பதைவிட மேல். ஊறவைப்பது சிறிது காலத்துக்குத்தான் உதவும். டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தடித்த தட்டைச்சுற்றுத் தந்திகளை மாற்றாமலே வைத்திருந்தார் என்பது பேஸ் உலகில் எல்லாரும் அறிந்த செய்தி. பழைய தந்தி கெட்ட தந்தி என்று விதி ஏதுமில்லை என்பதற்கு அந்தப் பதிவுகளே போதும்.

நான்கு தந்திகளும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுவிசையைக் கழுத்தின்மேல் ஓயாமல் செலுத்துகின்றன. வளர்ந்த ஒரு மனிதர் இரவும் பகலும் அதைப் பிடித்துத் தொங்குவதற்கு ஒப்பான சுமை அது. மேப்பிள் போன்ற கடினமான மரமும் இதற்கு முன்பக்கமாக வளையும். கழுத்தினுள் ஓடும் டிரஸ் ராடு என்ற எஃகுத் தண்டை முறுக்கினால் அது கழுத்தை எதிர்த்திசையில் வளைக்கும். எனினும் கழுத்து நூல் பிடித்தாற்போல நேராக இருப்பதும் நல்லதன்று. அதிரும் தந்தி நடுவில்தான் அதிகம் வீசுவதால் ஃப்ரெட் பலகையில் மெல்லிய குழிவு வேண்டும். முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்து, எட்டாம் ஃப்ரெட்டின் உச்சிக்கும் தந்திக்கும் இடையே அளந்தால், 0.3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருப்பது சரியான நிலை. ராடைத் திருப்பும்போது ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் போகாமல், மீண்டும் சுருதி சேர்த்து, கழுத்து அடங்க நேரம் விட்டு அளக்க வேண்டும்.

மரம் ஈரத்தை உறிஞ்சும்போது இழைக்குக் குறுக்காக விரிகிறது. இழையின் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. கழுத்தும் அதன்மேல் ஒட்டிய பலகையும் வெவ்வேறு மரங்கள் என்பதால் இரண்டும் ஒரே அளவில் மாறுவதுமில்லை. பலகைக்குப் பரவலாகப் பயன்படும் மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. குளிரூட்டிய அறையின் வறட்சிக்கும் வெளியே உள்ள புழுக்கத்துக்கும் இடையே அடிக்கடி மாற்றப்படும் பேஸில் ஃப்ரெட் நுனிகள் விளிம்பில் துருத்திக் கையைக் கீறுவதற்கும், சரியாக வைத்த குழிவு பருவத்தோடு மாறுவதற்கும் இதுவே காரணம். உடலின் மரத்தைப் பற்றி விற்பனையாளர்கள் நிறையப் பேசுவார்கள். மின் பேஸில் அதன் பங்கு தந்தி, பிக்கப் (தந்தியின் அசைவை மின்னாக்கும் பாகம்), பிக்கப்பின் இடம் ஆகியவற்றுக்குப் பிறகுதான் வரும் என்பது என் கருத்து. கழுத்தின் விறைப்பு அதைவிட முக்கியமானது. பல ஃபெண்டர் வகைப் பேஸ்களில் மிக மெல்லியதான ஜி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட் வரை ஏதோ ஓரிடத்தில் சுரம் சட்டென்று செத்துவிடும். கழுத்தின் இயல்பு அதிர்வெண் அந்தச் சுரத்தோடு ஒத்துப்போய்த் தந்தியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதே அதற்குக் காரணம். கழுத்தின் தலைப்பகுதியில் சிறு எடையைக் கவ்வவைத்தால் அந்த இடம் நகருமே ஒழிய மறையாது. விலை பேசுவதற்கு முன் ஜி தந்தியின் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் மீட்டிக் கேட்க வேண்டியது இதனால்தான்.

ஃப்ரெட்டில் அழுத்தும்போது தந்தி சற்றே நீண்டு, இழுவிசை கூடி, சுரம் கணக்கிட்டதைவிட மேலே போகிறது. விறைப்பும் அதே திசையில் தள்ளுகிறது. தந்தி தடிக்கத் தடிக்க இந்தப் பிழையும் வளரும். ஆதலால் தடித்த தந்தியின் சாடிலைப் பின்னுக்கு நகர்த்தி அதன் நீளத்தைக் கூட்டுகிறார்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் நேர்மேலே விரலால் மெல்லத் தொட்டு எழுப்பும் மேற்சுரமும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடில் இன்னும் பின்னே போக வேண்டும். கழுத்தின் குழிவும் தந்தியின் உயரமும் இந்த அளவை மாற்றிவிடும் என்பதால் அவற்றை முதலில் முடித்துவிட்டே சாடிலைப் பின்முன்னாக நகர்த்த வேண்டும். வரிசை மாறினால் வேலை இருமுறையாகும்.

தந்தியின் அசைவை மின்னாக்குவது பிக்கப். காந்தத்தைச் சுற்றி, தலைமயிரளவு மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய சுருள் அது. காந்தத்தின் அருகே எஃகுத் தந்தி அசைந்தால் சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. மாறும் பாயம் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது 1831இல் ஃபாரடே கண்டறிந்தது. பிக்கப் எங்கே இருக்கிறது என்பது பெரிதும் முக்கியம். பிரிட்ஜிலிருந்து தந்தி நீளத்தில் ஆறில் ஒரு பங்கு தூரத்தில், ஏறத்தாழப் பிரிசிஷன் பேஸின் பிக்கப் நிற்கும் இடத்தில், திறந்த தந்தியின், அதாவது விரல் அழுத்தாத தந்தியின், ஆறாம் சீரிசை (அடிப்படையின் ஆறு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரம்) அசைவதே இல்லை. மூன்றாம் சீரிசையோ அங்கேதான் அதிகமாக அசைகிறது. பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகே உயர்த்தினால் ஒலி கூடும்; ஆனால் காந்தத்தின் இழுப்பு தந்தியின் அதிர்வையே குலைத்துச் சுருதியை அலையவைக்கும்.

தந்தியின் அசைவை மட்டுமல்லாமல் வீட்டு மின்கம்பிகளின் இரைச்சலையும் சுருள் வாங்கிக்கொள்ளும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்விநியோகம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலைவு. ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட் சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலின் இரண்டாம் சீரிசை 100 ஹெர்ட்ஸ். திறந்த ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். நம் ஊரில் இரைச்சல் சுரத்தின் மேலேயே வந்து உட்கார்ந்து, நொடிக்கு ஓரிரு முறை ஏறி இறங்கும் விம்மலாகக் கேட்பது இப்படித்தான். ஃபெண்டர் 1957இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, இரு தந்திகளுக்கு ஒரு சுருள் வீதம் வைத்து, இரண்டையும் எதிரெதிராக இணைத்தார். இரண்டு சுருளிலும் சமமாக நுழையும் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி ஒரு சுருளில் மட்டும் பிறப்பதால் அது தப்பிவிடும். 1960இல் வந்த ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்புகளையும் ஒரே அளவில் திறந்து வைத்தால்தான் இந்த நன்மை கிடைக்கும். ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் திரும்பிவிடும். பழுதென்று எண்ணிக் கடையில் கொடுக்குமுன் அந்தப் பிக்கப்புகளின் ஒலியளவுக் குமிழ்களைத் திருப்பிப் பார்ப்பது செலவைத் தவிர்க்கும். 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் முன்பெருக்கி உள்ள பேஸ்களில், கேபிளைச் செருகியதுமே மின்கலம் செலவாகத் தொடங்கும் என்பதால் வாசிக்காதபோது அதைக் கழற்றிவிட வேண்டும்.

ஒலிபெருக்கிக்கு 41 ஹெர்ட்ஸ் கடினமான வேலை. ஒரே ஒலியளவுக்கு, ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கிட்டாருக்கான சிறு ஆம்ப்ளிஃபையரில் பேஸை உரக்க வாசித்தால் கூம்பு கிழிவதும், பேஸுக்கென்று பல நூறு வாட் ஆற்றலும் பெரிய பெட்டிகளும் தேவைப்படுவதும் இதனால்தான். அப்படியிருந்தும் உள்ளங்கையளவு டிரான்சிஸ்டர் வானொலியில் இளையராஜா பாடல்களின் பேஸ் நடையைத் தமிழர்கள் தெளிவாகக் கேட்டார்கள். அந்த வானொலியால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. 82, 123, 164 என்ற சீரிசைகள் காதுக்கு எட்டினால், அவற்றுக்குப் பொதுவான அடிப்படையை மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. உள்ளிழையை மெலிதாக்கிச் சீரிசைகளை முழுப் பெருக்கங்களுக்கு அருகே வைத்திருக்க இவ்வளவு பாடுபடுவதன் பயன் இங்கே விளங்கும்.

ஐந்து தந்திப் பேஸில் இந்தச் சிக்கல்கள் எல்லாம் கூடுகின்றன. அதன் பி தந்தி 31 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஈ தந்தியின் இழுவிசையே இதற்கும் வேண்டுமென்றால் விட்டம் 0.140 அங்குலமாக வேண்டும். விறைப்புக்கு அஞ்சி 0.130 அளவில் நிறுத்திக்கொள்வதால் அது சற்றுத் தொளதொளப்பாகவே இருக்கும். நீளத்தை 35 அங்குலமாக்கினால் இழுவிசை 6 சதவீதம் கூடும். 37 ஆக்கினால் 18 சதவீதம். ஃப்ரெட்டுகளை விசிறிபோல் விரித்து, தடித்த தந்திக்கு 37 அங்குலமும் மெல்லிய தந்திக்கு 34 அங்குலமும் கொடுக்கும் பேஸ்கள் இதற்காகவே செய்யப்படுகின்றன. ஆனால் அங்கே பி தந்தியின் முதல் ஃப்ரெட் 48 மில்லிமீட்டருக்குப் பதில் 53 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்; கை சிறியவர்கள் வாங்குமுன் வாசித்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு எதிர்த்திசையில் 30 அங்குலப் பேஸ்களும் உண்டு. பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் அவ்வகைதான். அதற்கு அந்த நீளத்துக்கென்றே செய்த தந்திகளை வாங்க வேண்டும். 34 அங்குலத் தந்தியை வெட்டி மாட்டினால், தடித்த சுற்றுப் பகுதியே முறுக்காணியில் மடிந்து, சில வகைகளில் சுற்று தளர்ந்து, சுருதி நிற்காமல் போய்விடும்.