உலோகப் பட்டையை எங்கே தாங்கினால் பாடும்?

வாசகர் ஒருவரின் கேள்வி: “அலுமினியப் பட்டைகளை வெட்டிப் பலகையில் ஆணியடித்து ஓர் இசைக்கருவி செய்தேன். தட்டினால் ‘டொக்’ என்று நின்றுவிடுகிறது. ஏன்?”

ஆணிதான் கோளாறு. ஒலி என்பது அதிர்வு. அதிர்வதை இறுக்கிப் பிடித்தால் ஒலியும் அடங்கிவிடும். சரி, ஆனால் பட்டையை எதன் மேலாவது வைத்துத்தானே ஆக வேண்டும்? அதில் அதிராத இடம் உண்டா?

உண்டு, அதுவும் இரண்டு. நடுவில் தட்டியதும் பட்டை வில்லாக வளைகிறது. நடுப்பகுதி இறங்கும்போது முனைகள் ஏறும்; அடுத்த நொடிக்கூறில் தலைகீழ். அதிரும்போது பட்டையை வெளியிலிருந்து எதுவும் தள்ளுவதில்லை, எனவே அதன் நிறைமையம், அதாவது மொத்த நிறையின் சமநிலைப் புள்ளி, இடம் மாறக் கூடாது. ஒரு பக்கம் இறங்கினால் இன்னொரு பக்கம் ஏறியே தீர வேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையே அசையாமல் நிற்கும் இரு கோடுகள்தான் கணுக்கள். பட்டையைத் தாங்க வேண்டிய இடம் அவைதான். அவை ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தின் 22.4 சதவீதத்தில் இருக்கின்றன, 30 செ.மீ. பட்டையில் சுமார் 6.7 செ.மீ.

ஏன் சரியாகக் கால் பங்கு இல்லை? முனைகள் எதிலும் கட்டுப்படாததால் நடுப்பகுதியைவிட அதிகம் ஆடுகின்றன. ஆட்டம் அதிகமென்றால் குறைந்த நீளமே கணக்கை நேர் செய்யப் போதும். எனக்கு இதில் அலுப்பே வராது!

கணக்கை நம்பாதவர்கள் பட்டையை இரண்டு நுரை ரப்பர் துண்டுகள்மீது வைத்து, உப்பைத் தூவி, மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கலாம். உப்பு தானே நகர்ந்து கணுக்களில் வரிசை கட்டும். தகடுகளில் மணல் தூவி இதே வித்தையைக் காட்டிய ஜெர்மன் இயற்பியலாளர் கிளாட்னி, 1787இல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார். 

அப்புறம் சுருதி. தந்தியைப் பாதியாக்கினால் அலைவெண் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை) இரண்டு மடங்காகும். பட்டையைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு. பாதிப் பட்டையை அதே அளவு வளைக்க 8 மடங்கு விசை வேண்டும், நிறையோ பாதி. 8ஐப் பாதியால் வகுத்தால் 16, அதன் வர்க்கமூலம் 4. ஆகவே 30 செ.மீ. பட்டைக்கு ஒரு ஸ்தாயி மேலே, அதாவது இரண்டு மடங்கு அலைவெண், வேண்டுமென்றால் நீளத்தை 2ஆல் அல்ல, 2இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்: 15 அல்ல, 21.2 செ.மீ. வெட்டுங்கள்.

வெட்டும்போது சற்று நீளமாகவே விடுங்கள். முனையை அரத்தால் ராவினால் நிறை குறைந்து சுருதி ஏறும். அளவுக்கு மேல் ஏறிவிட்டதா? நடுவில் அடிப்பக்கத்தை ராவுங்கள். அதிகம் வளைவது அந்த இடம்தான். அங்கே மெலிந்தால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும்.