நோட்டபிலிட்டி என்பது பிரபலத்தன்மை அன்று

ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளாத உள்ளூர் ஓவியர் ஒருவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை தொடங்கப்பட்டால், உரையாடல் பக்கத்தில் விரைவிலேயே ஒரு வரி விழும்: “இவருக்குப் பிரபலத்தன்மை இல்லை, நீக்கலாம்.” எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? “எங்கள் ஊரில் இவரைத் தெரியாதவரே கிடையாது” என்று எழுதும். அங்கே கேட்கப்படாத ஒன்றுக்காக இரு தரப்பும் மல்லுக்கட்டுகின்றன. ஒருவரைப் பற்றித் தனிக் கட்டுரை வைக்கலாமா என்று முடிவுசெய்ய விக்கிப்பீடியா வைத்திருக்கும் அளவுகோலுக்கு ஆங்கிலத்தில் நோட்டபிலிட்டி என்று பெயர். அந்தச் சொல்லை அவசரத்தில் ‘பிரபலத்தன்மை’ ஆக்கியதால் வந்த வினை இது.

இலத்தீனில் நோட்டா என்றால் குறி, அடையாளம். (வாக்குப்பதிவு எந்திரத்து நோட்டா வேறு, அது ஆங்கில முதலெழுத்துகளின் சுருக்கம்.) நோட்டாரே, குறித்தல். நோட்டாபிலிஸ், குறிக்கத்தக்கது. தமிழில் குறி, குறிப்பு, குறிப்பிடு என்று அதே வரிசை நம் கைவசம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் வழிகாட்டல் பக்கத்துக்குக் ‘குறிப்பிடத்தக்கமை’ என்று பெயரிட்டவர்கள் சரியாகத்தான் பெயரிட்டார்கள். வந்தமை, செய்தமை போலத் தக்கமை. சொல்லிப் பார்த்தால் நாக்குச் சற்று இடறும், பொருள் இடறாது.

பிரபலம் என்பதற்கு வடமொழியில் மிகுந்த வலிமையுடையது என்று பொருள். தமிழில் அது பலரும் அறிந்தது என்றாகி, நாளிதழ்களின் கையில் அந்தப் பொருளையும் இழந்துகொண்டிருக்கிறது. ‘பிரபல ரவுடி கைது’, ‘பிரபல ஜவுளிக்கடையில் தீ’. எந்த ரவுடி பிரபலமில்லாத ரவுடி என்று இதுவரை எந்தத் தலைப்பும் சொன்னதில்லை. இப்படித் தேய்ந்த சொல்லை எடுத்து அளவுகோல் செய்தால் அது எதை அளக்கும்? பிரபலம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கணக்கு. குறிப்பிடத்தக்கமையோ, சம்பந்தப்படாத யார், எங்கே, எவ்வளவு விரிவாக எழுதி வைத்திருக்கிறார் என்ற கணக்கு. இன்ஸ்டாகிராமில் லட்சம் பேர் பின்தொடரும் ஓவியரைப் பற்றி உருப்படியான விமர்சனம் ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். தெருவுக்கு அப்பால் யாருக்கும் தெரியாத ஒருவரைப் பற்றி இரண்டு நூல்கள் வந்திருக்கலாம். கட்டுரை இரண்டாமவருக்கு.

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில், செயின்ட் ஐவ்ஸ் ஊரில் வாழ்ந்த ஆல்ஃபிரட் வாலிஸை எடுத்துக்கொள்வோம். கடலோடியாக இருந்தவர், பிறகு பழைய கப்பல் சாமான் வாங்கி விற்றவர். 1922இல் மனைவி இறந்த பிறகு, எழுபதை ஒட்டிய வயதில், கிடைத்த அட்டைத் துண்டுகளில் படகுக்குப் பூசும் சாயத்தைக் கொண்டு வரையத் தொடங்கினார். 1928இல் ஓவியர்கள் பென் நிக்கல்சனும் கிறிஸ்டஃபர் வுட்டும் அந்தப் படங்களைக் கண்டார்கள். 1942இல் மேட்ரன் ஏழையர் விடுதியில் அவர் இறந்தார். இன்று கேம்பிரிட்ஜின் கெட்டில்ஸ் யார்டு கலைக்கூடத்திலும் டேட் அருங்காட்சியகத்திலும் அவர் படங்கள் நிரந்தரச் சேகரிப்பில் உள்ளன; அவரைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. 1927இல் விக்கிப்பீடியா இருந்து யாராவது அவரைப் பற்றி எழுதியிருந்தால், நீக்கியிருக்க வேண்டும். நீக்கியது சரியாகவும் இருந்திருக்கும். ஓவியம் அதே ஓவியம்தான், மாறியது பதிவு.

ஆகவே சோதிக்க வேண்டியது சான்றை. கண்காட்சி அழைப்பிதழ், ஓவியரின் சொந்த வலைத்தளம், குடும்பத்தார் வெளியிட்ட பாராட்டு மலர் மூன்றும் சேரா. அவை ஓவியர் தரப்பிலிருந்து வருபவை. மாவட்டப் பதிப்பில் ‘ஓவியக் கண்காட்சி நடைபெற்றது’ என்று மூன்று வரி வந்திருந்தால் நடந்ததற்குச் சான்றாகும், அவ்வளவே. ஒரே செய்திக்குறிப்பை நான்கு நாளிதழ்கள் வெளியிட்டாலும் அது ஒரு சான்றுதான், அதுவும் மெலிந்த சான்று. தனியார் அமைப்புகள் மேடை போட்டு வழங்கும் பட்டங்களையும் ‘உலக சாதனை’ச் சான்றிதழ்களையும் ஒதுக்கிவிடலாம். அரசின் கலைச்செம்மல் விருது, லலித் கலா அகாதெமியின் தேசிய விருது போன்றவை கிடைத்திருந்தால் மேற்கொண்டு தேடுவதில் பயன் உண்டு. ஒரு விமர்சகர் ஓவியங்களின் கோட்டையும் வண்ணத்தையும் பற்றி எழுதிய கட்டுரை, பெயர்பெற்ற அருங்காட்சியகங்கள் சில தம் சேகரிப்பில் வைத்திருப்பது, இவையே எடை கூடியவை. அடிக்கடி நேரும் கோளாறு ஒன்றுண்டு: விக்கிக் கட்டுரையைப் பார்த்து நாளிதழ் எழுதும், அந்த நாளிதழை விக்கி சான்றாகக் காட்டும். இரண்டின் தேதியையும் ஒப்பிட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

‘முக்கியத்துவம்’ என்பாரும் உண்டு. யாருக்கு முக்கியம் என்ற கேள்வி அதோடு ஒட்டிக்கொண்டே வரும். ‘தகுதி’ இன்னும் மோசம். ‘இவருக்குத் தகுதியில்லை’ என்று தமிழில் எழுதினால் மனிதரை எடை போட்டதாகத்தான் படிப்பவருக்குப் படும். ஓவியரின் மகனோ மாணவரோ சண்டைக்கு வருவதில் வியப்பில்லை. ‘குறிப்பிடத்தக்கவர் அல்லர்’ என்பதிலும் அந்த நெடி கொஞ்சம் உண்டு. ‘குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை’ என்பதே பொருந்தும். அது கட்டுரையைப் பற்றிய கூற்று, நாளை சான்று கிடைத்தால் மாறக்கூடியது.

‘அமெச்சூர்’ பற்றியும் ஒரு வார்த்தை. இலத்தீனின் நேசிப்பவன் என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதைக் ‘கற்றுக்குட்டி’ என்று பெயர்ப்பது வசவு. தொழில்சாரா ஓவியர் என்றால் போதும். கபடிக் கழகப் பெயர்ப்பலகைகளில் அமெச்சூர் அமெச்சூராகவே நிற்கிறது, யாரும் கெட்டுப்போகவில்லை. மொழிபெயர்ப்புக் கருவி தருவதை அப்படியே ஒட்டுகிறவர்களால்தான் தொல்லை. பள்ளி, கல்லூரிக் கட்டுரைகளில் ‘நோட்டபிள்’ என்பதைப் பெயர்த்த ‘பிரபலமான முன்னாள் மாணவர்கள்’ என்ற தலைப்பின்கீழ் யாருக்கும் தெரியாத கணிதப் பேராசிரியரின் பெயர் இருக்கும். அவர் அங்கே இருப்பது சரி, தலைப்புத்தான் தவறு.

சான்று போதாத ஓவியரை என்ன செய்வது? ஊரைப் பற்றிய கட்டுரையில், நாளிதழ்ச் செய்தியை மேற்கோளாகக் காட்டி ஒரு வரி எழுதலாம். படங்களை, விக்கிப்பீடியாவின் படக் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் போயிற்று என்று சிலர் சொல்கிறார்கள். கல்விப் பயன் தெளிவாக இல்லாத சொந்தக் கலைப்படைப்புகளை அங்கும் நீக்குவார்கள். அதோடு, ஓவியத்தை விலைக்கு வாங்கியவருக்குப் பதிப்புரிமை தானாக வந்துவிடாது; உரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். இந்தியச் சட்டப்படி அவர் இறந்த பின்னும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். அவரோ வாரிசுகளோ எழுத்தில் அனுமதி தர வேண்டும்.