உங்கள் ஆபீஸ் போனில் 108 போகிறதா?

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் புதிதாக ஈபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் போன்களை இணைத்து வெளி லைன் கொடுக்கும் பெட்டி) வைக்கும் ஆபீஸ்களில், 'லைன் எடுக்க 9, அப்புறம் எந்த எண்ணானாலும் போகட்டும்' என்று ஒரே விதியில் வேலையை முடித்துவிடுவது உண்டு. ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளில் ஓடும் பெட்டியில் அது 9-க்குப் பின்னால் வைக்கும் ஒரு புள்ளி. எத்தனை இலக்கம் வந்தாலும், எந்த நாட்டு எண்ணானாலும் அது விட்டுவிடும். எக்ஸ்டென்ஷனுக்கு (ஆபீஸுக்குள் ஒவ்வொரு போனுக்கும் உள்ள எண்) 1234 போல லேசான பாஸ்வேர்டு இருந்தால், இணையம் வழியாக எவனோ நுழைந்து ராத்திரி முழுக்க வெளிநாட்டுக்குப் பேசுவான். பில் உங்கள் பெயருக்கு வரும்.

எண்களை வகை பிரித்து எழுதுங்கள். திருநெல்வேலி லேண்ட்லைன் 7 இலக்கம். எஸ்டிடி என்றால் 0 சேர்த்து 11. தூத்துக்குடி 0461-உடன் 7 இலக்கம், தென்காசி 04633-உடன் 6, கூட்டினால் இரண்டும் அதே 11தான். லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கும் 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 கட்டாயம் என்பதால் அதுவும் 11. ஆகவே '9, பிறகு 0, அடுத்தது 1 முதல் 9-க்குள் ஓர் இலக்கம், அப்புறம் ஒன்பது இலக்கம்' என்ற ஒரே விதி எஸ்டிடி, மொபைல் இரண்டுக்கும் போதும். 00-வில் தொடங்கும் ஐஎஸ்டி அதில் பொருந்தவே பொருந்தாது. 1800 எண்களுக்குத் தனி விதி வேண்டும். அவற்றுக்கு முன்னால் 0 கிடையாது.

லைன் எடுக்க 0 வைத்திருக்கும் பழைய பெட்டிகளில்தான் சிக்கல். மொபைலுக்கு 0, மறுபடி 0 என்று அழுத்த வேண்டும். ஐஎஸ்டியைத் தடுக்க 00-வை மூடியிருந்தால் மொபைலும் சேர்ந்து நின்றுபோகும். 9-க்கு மாற்றிவிடுவதே நல்லது.

ட்ரங்குக்கு (வெளியே போகும் லைன்) அனுப்பும் முன் அந்த 9-ஐக் கழிக்க மறக்காதீர்கள். சிம் போட்ட கேட்வே (அழைப்பை மொபைல் நெட்வொர்க்கில் அனுப்பும் கருவி) வழியாகப் போனால் 7 இலக்க உள்ளூர் எண்ணுக்கு முன்னால் 0462-ஐப் பெட்டியே சேர்க்க வேண்டும். சிம்முக்கு உள்ளூர் தெரியாது.

எக்ஸ்டென்ஷனை 100-லிருந்து ஆரம்பிப்பது மிகவும் ஆபத்தான பழக்கம். 108 ஸ்டோர் ரூமில் மணியடித்தால் ஆம்புலன்ஸ் எப்படி வரும்? 201-லிருந்து கொடுங்கள். 100, 101, 108, 112 நான்கும் 9 அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் எல்லா போனிலிருந்தும், வாட்ச்மேன் போனிலிருந்தும் போக வேண்டும். இரவு நேரத் தடை வைத்தால் இந்த விதிகளை அதற்கு வெளியே வையுங்கள்.

கால் ஃபார்வர்டையும் விடாதீர்கள். டயல் செய்தால் தடுக்கும் பெட்டி, ஃபார்வர்டு வழியாக ஐஎஸ்டியை விட்டுவிடலாம். ஓர் எக்ஸ்டென்ஷனை 00 எண்ணுக்குத் திருப்பி, இன்னொன்றிலிருந்து அழைத்துப் பாருங்கள். ரிங் போனால் ஃபார்வர்டுக்கும் அதே விதிகளைப் பூட்டுங்கள்.