சர்ஜிங் – வேக அலைவு

பந்தயப் படகின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கைப்பிடி ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும்போதே எஞ்சினின் சுழல்வேகம் தானாக ஏறுவதும் இறங்குவதும், அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருவதுமான கோளாறு ‘சர்ஜிங்’ எனப்படுகிறது. பட்டறையில் இதையே ‘ரேஸ் ஏறி இறங்குது’ என்பார்கள். அச்சில் புழங்கும் பல மொழிபெயர்ப்புகளைவிட இந்தப் பேச்சு வழக்கு துல்லியமானது. ஏற்றத்தைச் சொல்லும் அளவுக்கு இறக்கத்தையும் அது சொல்லிவிடுகிறது. ஒருமுறை திணறிப் பிறகு சீராகிவிடும் எஞ்சினுக்கு இச்சொல் பொருந்தாது.

சொல்லின் வேர் லத்தீன் மொழியின் ‘சுர்கெரே’ என்ற வினையில் உள்ளது. கீழிருந்து மேலே என்ற பொருள்தரும் முன்னொட்டும், நேராகச் செலுத்துதல் என்ற பொருளுடைய ‘ரெகெரே’ என்ற வினையும் இணைந்து சுருங்கியதே அது. எழுதல், மேலெழும்புதல் என்பது அதன் பொருள். ஊற்றுக்கண்ணையும் மூலத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘சோர்ஸ்’ பிரெஞ்சு வழியாக இதே வேரிலிருந்து பிறந்தது. ‘சர்ஜ்’ என்ற சொல்லும் ஆங்கிலத்தில் நுழைந்தபோது நீரூற்றையே குறித்தது. பின்னர் கடலில் பொங்கியெழும் பேரலைக்கு உரியதாயிற்று. கப்பலோட்டிகளிடம் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நங்கூரக் கயிற்றைச் சுற்றும் உருளையில் இறுகியிருக்கும் கயிறு சட்டென நழுவித் தளர்வதையும் அவர்கள் இதே சொல்லால் குறித்தார்கள். எழுதலைச் சொல்லும் வேரிலிருந்து வந்த சொல், கடலில் இழுபட்டுப் பின் நழுவும் இயக்கத்துக்கும் பெயராகிவிட்டது.

‘எழுச்சி’ என்று தமிழாக்குவது வேருக்குப் பொருந்தும், எஞ்சினுக்குப் பொருந்தாது. மின்னழுத்தம் நொடிப்பொழுதில் உயர்ந்து அடங்குவதை ‘மின்னெழுச்சி’ என்று எழுதலாம், அங்கே நிகழ்வது ஒரே ஓர் ஏற்றம். எஞ்சினில் நிகழ்வதோ ஊசல்போல் இருபுறமும் போய்வரும் ஆட்டம். இயற்பியல் பாடநூல்களில் இத்தகைய மீள்நிகழ்வுக்கு ‘அலைவு’ என்ற சொல் நெடுநாளாகப் புழங்குகிறது. அதன் அளவுக்கு ‘வீச்சு’, ஒருமுறை போய்வர ஆகும் நேரத்துக்கு ‘அலைவுக் காலம்’ என்ற துணைச் சொற்களும் உடன் இருக்கின்றன. கடலின் அலையும் இயக்கத்தின் அலைவும் தமிழில் ஒரே வேரிலேயே கிடைப்பதால், மூலச்சொல்லில் உள்ள கடல்வாடையும் கெடவில்லை. ஆகவே எஞ்சின் சர்ஜிங்கை ‘வேக அலைவு’ என்பதே தகும். வினையாக எழுதும்போது ‘எஞ்சின் அலைவுறுகிறது’ எனலாம்.

இக்கோளாறு ஏன் ஊசலாட்டமாக வருகிறது என்பதை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் எளிதாகக் காணலாம். முழுவேகத்தில் எஞ்சின் குடிக்கும் பெட்ரோலின் அளவுக்கு, அடைபட்ட வடிகட்டியோ தளர்ந்த எரிபொருள் பம்போ ஈடுகொடுக்க முடியாதபோது, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் மட்டம் மெல்லத் தாழ்கிறது. எரிகலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது. விசை குறைந்து சுழல்வேகம் விழுகிறது. வேகம் விழுந்ததும் எஞ்சினின் பசி தணிவதால் கிண்ணம் மறுபடி நிரம்புகிறது, கலவை சீராகிறது, வேகம் ஏறுகிறது, ஏறிய வேகம் கிண்ணத்தை மறுபடி வற்றச் செய்கிறது. கிண்ணம் வற்றவும் நிரம்பவும் நேரம் பிடிப்பதால் இவ்வகை அலைவு நிதானமானது. கைப்பிடியை முழுவதும் விட்ட நிலையில், அதாவது தாழ்ந்த வேகத்தில் மட்டும் தோன்றும் அலைவுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு: உள்ளெடுப்புக் குழாயின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் வழியே கள்ளத்தனமாக நுழையும் காற்று, அல்லது கசடு படிந்து குறுகிய, பெட்ரோல் பாயும் ஜெட் துளை. கார்புரேட்டருக்குள் காற்று நுழையும் வழியை மறைக்கும் சோக்கைச் சிறிதளவு மூடியதும் ஆட்டம் அடங்கினால் கலவையில் பெட்ரோல் குறைவு என்பது உறுதியாகிவிடும்.

பெட்ரோல் குழாயின் நடுவே கையால் அழுத்தும் ரப்பர்க் குமிழ் உள்ள அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) எஞ்சின்களில் ஓர் எளிய சோதனை உண்டு. சோதனை ஓட்டத்தில் அலைவு தொடங்கியதும், ஓட்டுபவரல்லாத இன்னொருவர் அக்குமிழை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்த அழுத்த வேகம் நிலைகொண்டால் பெட்ரோல் வந்து சேர்வதில்தான் குறை, பெரும்பாலும் பம்பில். தொடும் முன்பே குமிழ் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிக் கிடந்தால் அடைப்பு தொட்டியின் பக்கம் உள்ளது. தொட்டியின் காற்றுத்துளை அடைபட்டிருப்பதும் அதற்கு ஒரு காரணம், மூடியைத் தளர்த்தியதும் எஞ்சின் சீரானால் வேறு சான்று வேண்டியதில்லை. இதைத் தள்ளிப்போடக் கூடாது. பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓடும் இருவீச்சு எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால் மசகும் குறையும், பிஸ்டன் உருளையைப் பிடித்துக்கொள்ளும்.

சுழல்வேகம் ஏறுவதையெல்லாம் சர்ஜிங் என்று அழைக்கும் வழக்கம்தான் பந்தயப் படகுகளில் மிகுதியான குழப்பத்தைத் தருகிறது. அலை மேட்டில் படகு துள்ளும்போதோ, எஞ்சினை அளவுக்கு மீறிச் சாய்த்து வைத்திருக்கும்போதோ, உந்துவிசிறி நீர்ப்பரப்பின் காற்றை இழுத்துக்கொள்கிறது. சுமை அகன்றதும் எஞ்சின் அலறி ஓங்குகிறது, படகின் வேகமோ கூடுவதில்லை. உந்துவிசிறியின் நடுவில் அதை அச்சுத்தண்டோடு பிணைக்கும் ரப்பர் உறை நழுவினாலும் இதே தோற்றம்தான். இவை அலைவு அல்ல, ‘மிகைச்சுழற்சி’ என்று தனிப்பெயர் இடத்தக்கவை; இவற்றுக்காகக் கார்புரேட்டரைக் கழற்றுவது வீண்வேலை. சுழல்வேகமானியையும் படகின் வேகமானியையும் ஒருசேரப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் எஞ்சின், முதலாவது மட்டும் துள்ளினால் உந்துவிசிறி. மிகைச்சுழற்சி எல்லைமீறும்போது வேகவரம்புக் கருவி தீப்பொறியைத் துண்டித்துத் துண்டித்துக் கொடுப்பதால் எழும் விட்டுவிட்ட ஓசையையும் சிலர் சர்ஜிங் என எண்ணிவிடுகிறார்கள். கடல்வெளிப் பந்தயங்களில் சுக்கானுக்கு ஒருவரும் த்ராட்டிலுக்கு மட்டும் இன்னொருவருமாக இருவர் அமர்வது இந்த மிகைச்சுழற்சியின் பொருட்டே. படகு நீரைவிட்டு எழும் கணத்தில் கைப்பிடியை இழுப்பதும் அது இறங்கும்போது திரும்பக் கொடுப்பதும் அந்த இரண்டாமவரின் பணி.

இதே படகில் சர்ஜ் என்ற சொல் வேறு மூன்று இடங்களிலும் தலைகாட்டும். வளைவில் திரும்பும்போது தொட்டியின் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கி உறிஞ்சுகுழாய் வறண்டுபோவதை எரிபொருள் சர்ஜ் என்பார்கள். தமிழில் ‘ஒதுங்கல்’ போதும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அமுக்கியில் காற்றோட்டம் குலைந்து பின்னோக்கித் திரும்புவதற்குக் ‘காற்றுப் பின்னடிப்பு’ எனலாம். கப்பல் இயக்கவியல் வகுக்கும் ஆறு அசைவுகளில், உடற்பகுதி நீளவாட்டில் முன்னும் பின்னும் போவதன் பெயரும் இதுவே. ‘முன்பின் அசைவு’ என்றால் எவருக்கும் விளங்கும்.

சர்ஜிங்கின் உடன்பிறப்பாக ‘ஹண்டிங்’ என்ற சொல்லும் வழங்குகிறது. இதை வேட்டை என்று மொழிபெயர்த்தால் நகைப்புக்குத்தான் இடமாகும். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினுக்குப் பொருத்திய சுழல்குண்டு வேகச்சீராக்கியைப் போன்ற கருவிகள், குறித்த வேகத்தைத் தேடி மிகுதியாகவும் குறைவாகவும் மாறிமாறித் திருத்துவதுண்டு. அத்தகைய சீராக்கிகள் எப்போது நிலைகொள்ளும், எப்போது நிலைகுலையும் என்பதை இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868-இல் கணிதமாக ஆராய்ந்தார். இன்று மின்னணுக் கட்டுப்பாட்டகம் உள்ள எஞ்சினில் தாழ்வேகத்தைத் திருத்தும் வால்வு அழுக்கேறினாலும் இதே தேடல் நிகழ்கிறது. கோளாறு சீராக்கியிலிருந்து பிறந்தால் ‘சீராக்கி அலைவு’, எரிபொருள் குறைவால் பிறந்தால் ‘வேக அலைவு’ என்று பிரித்து எழுதுவது நன்று. முன்னதற்குப் பெட்ரோல் குழாயைத் தொடவே வேண்டியிராது.