தாளில் நிற்காத கொக்கு

பறவை வரையத் தொடங்கிய புதிதில் என் கொக்குகள் எல்லாம் முகங்குப்புற விழப்போவதுபோலவே இருந்தன. அலகு சரி, கழுத்து வளைவு சரி, கால் நீளம்கூட அளந்து பார்த்தால் சரி. ஆனால் நிற்கவில்லை. அழித்து அழித்துத் தாள் நைந்துபோன பிறகுதான், கொக்கின் முழங்கால் எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது.

கொக்குக் காலின் நடுவில் பின்பக்கம் துருத்திக்கொண்டு ஒரு மூட்டு தெரிகிறதே, அதை முழங்கால் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது கணுக்கால். அதற்குக் கீழே குச்சிபோல நீளும் பகுதி, நம் உடலில் கணுக்காலுக்கும் விரலுக்கும் இடையே பாதத்துக்குள் இருக்கும் எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்து நீண்டது. அப்படியானால் தரையில் படுவது விரல்கள் மட்டுமே. உண்மையான முழங்கால் வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கிறது. நம்முடையதைப் போலவே முன்பக்கம் பார்த்து மடிகிறது. குதிகாலைத் தரையில் வைக்காமல் விரல்களை மட்டும் ஊன்றிக் குந்திப் பாருங்கள். தொடை முன்னோக்கி நீண்டு, முழங்கால் வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கும். பறவை நாள் முழுவதும் ஏறக்குறைய அப்படித்தான் நிற்கிறது.

ஏன் இந்த ஏற்பாடு? பறக்க உதவும் மார்புத் தசைகள் உடலின் முன்பாதியில் இருக்கின்றன. எடையைச் சமன்செய்ய, பல்லிக்கு இருப்பதுபோல எலும்பும் சதையுமான நீண்ட வாலும் இல்லை. பறவையின் வால் பெரும்பாலும் வெறும் இறகு. ஆக எடை முன்னால், இடுப்பு பின்னால். குட்டையான தொடை எலும்பு கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் முன்னோக்கி நீண்டு முழங்காலை முன்னே கொண்டுவருவதால்தான், பாதம் எடைக்கு நேர் கீழே வந்து சேர்கிறது. நான் காலை இடுப்பிலிருந்து நேராகக் கீழே இறக்கியிருந்தேன். கொக்கு விழாமல் என்ன செய்யும்?

இப்போதெல்லாம் உடலுக்கு ஒரு முட்டை வடிவம் போட்டதும், அதன் கனமான பகுதியிலிருந்து மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்றை இழுத்துவிடுகிறேன். விரல்கள் அந்தக் கோட்டைச் சுற்றித்தான் அமையவேண்டும். பறவை ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்தக் கால் உடலின் நடுக்கோட்டுக்குக் கீழே சாய்ந்து வருவதை முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். இந்த ஒரு கோடு எனக்குக் கற்றுத்தந்ததைப் பல மாதப் பயிற்சி கற்றுத்தரவில்லை.

கழுத்திலும் இதே மறைப்புதான். நமக்குக் கழுத்தெலும்பு 7. பெரும்பாலான பறவைகளுக்கு இனத்தைப் பொறுத்து 13 முதல் 25 வரை. கழுத்தே இல்லாததுபோல உட்கார்ந்திருக்கும் சிட்டுக்குள்ளும் வளைந்த கழுத்து ஒன்று இறகுக்கு அடியில் மடிந்து கிடக்கிறது. குளிரில் இறகைச் சிலிர்த்து, இடையில் காற்றைப் பிடித்து வைக்கும்போது பந்தாகத் தெரியும் அதே பறவை, மிரண்டால் இறகை ஒட்டிக்கொண்டு நெட்டையாகிவிடும். இரண்டு படமும் சரியே. வேறு பறவையை வரைந்துவிட்டோமோ என்று அழிக்கவேண்டியதில்லை.

இறகுகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான பறவைகளில் அவை தோல் முழுக்கச் சீராக முளைப்பதில்லை. வயலில் பாத்தி பிரித்ததுபோலத் தனித்தனிப் பட்டைகளாக முளைக்கின்றன, இடையில் வெற்றுத்தோல். கன்னம், தொண்டை, தோள், விலா என்று இறகுகள் கூட்டம் கூட்டமாக நகர்வது அதனால்தான். அந்தக் கூட்டங்களின் எல்லையை வரைந்தால் போதும். ஒவ்வோர் இறகாக வரையப் புகுந்தால் மீன் செதிலாகிவிடும்.

வண்ணத்துக்கு வருவோம். பார்த்த நிறத்தை அப்படியே பூசியும் பறவை தாளில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தெரிவது ஏன்? இதற்கு விடை சொன்னவரும் ஓர் ஓவியர்தான். அமெரிக்காவைச் சேர்ந்த ஆபட் தாயர் 1896இல் இதை விளக்கி எழுதினார். உருண்டையான எந்தப் பொருளிலும் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் மேல்பக்கம் வெளுத்தும் கீழ்ப்பக்கம் இருண்டும் தெரியும். அந்த வேறுபாட்டை வைத்தே நம் கண் உருண்டையை உணர்கிறது. பல பறவைகளுக்கோ முதுகு கருமை, வயிறு வெண்மை. வெளிச்சமும் நிழலும் செய்வதை உடல் நிறம் அழித்துவிடுவதால், பறவை பின்னணியோடு கரைந்துபோகிறது. உருண்டையாகக் காட்டத் தினமும் பாடுபடும் ஓவியர் கண்ணுக்கு இது பட்டதில் எனக்கு வியப்பில்லை. (எல்லாப் பறவை நிறமும் ஒளிவதற்கே என்று பின்னாளில் அவர் வாதிட்டது மிகை.) வேட்டையாடும் விலங்கை ஏமாற்ற அமைந்த அந்த ஏற்பாடுதான் நம் படத்தையும் தட்டையாக்குகிறது. அதனால் வெள்ளை வயிற்றில் இருக்கும் சாம்பல் நிழலையும் கருத்த முதுகில் விழும் வெளிச்சத்தையும் தேடிப்பிடித்து, சற்றே தூக்கலாகத் தீட்டவேண்டும்.

நீலம் இன்னும் விசித்திரம். மீன்கொத்தியின் முதுகில் நீல நிறமி கிடையாது. இறகின் கிளைகளுக்குள் கெரட்டின் என்னும் புரதமும் காற்றும் கலந்த, கடற்பஞ்சு போன்ற நுண்ணிய அமைப்பு இருக்கிறது. அதன் துளைகளின் அளவும் இடைவெளியும் நீல ஒளியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன. மிச்ச ஒளியை அடியிலுள்ள மெலனின் என்னும் கருநிறமி விழுங்கிக்கொள்ள, நீலம் தூய்மையாகத் தெரிகிறது. உதிர்ந்த நீல இறகு ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலம் மறைந்து மங்கிய பழுப்பு தெரியும். சூரியனுக்கு எதிரே உட்கார்ந்த மீன்கொத்தி கருத்துப்போவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

பறவை கருமைக்கு மேல் நீலத்தை வைத்திருக்கிறது. நீர்வண்ணத்தில் அது நடக்காது. அங்கே ஒளி மெல்லிய வண்ணத்துக்குள் புகுந்து, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்புகிறது. எனவே நீலத்தை ஒரே பூச்சில், நிறையத் தண்ணீரோடு வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். மேலே மேலே பூசினால் அது செத்துவிடும்.

கிளியில் மட்டும் பறவையும் ஓவியரும் ஒரே வழியில் போகிறார்கள். கிளிப்பச்சை என்று நாம் பெயரே வைத்துவிட்ட அந்தப் பச்சை, பெரும்பாலான கிளிகளில் தனிப் பச்சை நிறமியால் வருவதில்லை. உள்ளே மீன்கொத்தியினுடையதைப் போன்ற நீல அமைப்பு, அதை மூடிய மேலுறையில் கிளி தன் உடலிலேயே தயாரிக்கும் மஞ்சள் நிறமி. இதைப் படித்த அன்று பச்சைக் குழாயை ஒதுக்கிவிட்டு, தாளில் வெளிர் நீலம் பூசி, முழுவதும் உலரவிட்டேன். பிறகு அதன்மேல் மஞ்சளை மெல்ல ஓடவிட்டேன். தோளருகே மஞ்சள் மெலிந்த இடத்தில் நீலம் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. கிளியின் தோளில் வெயில் விழும்போது நான் பார்த்த பச்சை அதுதான்.