சென்சர் என்றால் உணரி

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் உச்சியில் ஒரு தண்ணீர்த்தாங்கி இருக்கிறது. காலையில் மோட்டரைப் போட்டுவிட்டு மறந்தால் போதும், தண்ணீர் வழிந்து கீழ்வீட்டு பல்கனியில் காயும் துணியெல்லாம் நனைந்துவிடும். பார்க்க வந்த மின்வேலைத் தம்பி, "சென்சர் ஒண்டு போட்டால் சரி, அன்ரி" என்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தார். "சென்சரோ? சண்டைக் காலத்திலை பேப்பரிலை செய்தியை வெட்டினவையே, அதோ?"

அம்மாவின் கேள்வி சரியானது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேர்தான் வேறு. செய்தியை வெட்டும் சென்சர், மதிப்பிடுதல் என்று பொருள்படும் 'கென்சேரே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய ரோமில் குடிமக்களைக் கணக்கெடுத்து, அவர்களின் ஒழுக்கத்தையும் கவனித்த அதிகாரிக்கு அந்தப் பெயர். சென்சஸ் என்ற சொல்லும் அந்தக் குடும்பமே. தமிழில் இது தணிக்கை. தாங்கியில் மாட்டும் சென்சருக்கு வேர் 'சென்டீரே', அதாவது உணர்தல். ஒரு கருவிக்கு இந்தப் பெயர் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

இதற்குத் தமிழ் உணரி. உணர் என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்தது. அகராதிக்காகக் கட்டிய சொல் என்று சிலர் ஒதுக்குவதுண்டு. எனக்கு அது சம்மதமில்லை. பாக்கை வெட்டுவது பாக்குவெட்டி, மண்ணை வெட்டுவது மண்வெட்டி, விசிறுவது விசிறி, சுமையைத் தாங்குவது சுமைதாங்கி. நம் வீட்டுச் சாமான்களுக்குப் பாதிப் பெயர் கொடுத்த விகுதி இது. இலங்கைப் பள்ளிப் புத்தகங்கள் சுவிட்சை ஆளி என்கின்றன, மின்னோட்டத்தைத் தடுப்பதைத் தடையி என்கின்றன. உணரி அவற்றின் தங்கைபோல வந்து நிற்கிறது. தொட்டவுடன் இலை மூடும் தொட்டாற்சிணுங்கியும் இதே அச்சில் வார்த்த பெயர்தான். உணர்கருவி என்றும் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் முன்னால் இன்னொரு சொல் சேரும்போது நீண்டுவிடுகிறது.

உணர்தல் தமிழில் வெறும் தொடுகை இல்லை. தவறை உணர்ந்தான் என்கிறோம். பழந்தமிழில் ஊடல் தீர்வதற்கும் உணர்தல் என்றே பெயர். கருவியோ அவ்வளவு தூரம் போவதில்லை. தம்பி கொண்டுவந்ததைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு தண்டில் ஏறி இறங்கும் சிறு மிதவை, அதற்குள் காந்தம். தண்டுக்குள்ளே கண்ணாடிக் குழாயில் மயிரிழை இடைவெளியோடு இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். நீர் ஏறக் காந்தம் நெருங்கும், தகடுகள் தொட்டுக்கொள்ளும், அந்தச் சைகையில் மோட்டர் நிற்கும். கதவு திறந்திருப்பதைச் சொல்லும் உணரிக்குள்ளும் பெரும்பாலும் இதே தகடுகள்தான்.

வோஷிங் மெஷினுக்குப் பின்னால் வைக்கும் கசிவுணரி இன்னும் எளிது. தரையைத் தொட்டபடி இரண்டு உலோக முனைகள். இடையில் தண்ணீர் வந்தால் மின் பாயும், மணி அடிக்கும். குளியலறை விளக்கைத் தானே போடும் அசைவுணரி மட்டும் கொழும்பு வெயிலில் கொஞ்சம் தடுமாறும். அது பார்ப்பது உருவத்தை அல்ல, உடம்பின் வெப்பத்திலிருந்து வரும் செங்கீழ்க்கதிரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட்டை. சுவரும் நம் தோலளவு சூடாகிவிட்டால் இரண்டையும் பிரித்தறியக் கஷ்டப்படும். மேற்குப் பார்த்த சுவரை நோக்கி அதை வைக்காதீர்கள்.

கசிவுணரி, அசைவுணரி, கதவுணரி என்று முன்சொல் எதுவானாலும் உணரி இலேசாக ஒட்டிக்கொள்கிறது. கடையில் சென்சர் என்றே கேளுங்கள், அப்போதுதான் எடுத்துத் தருவார்கள். வீட்டில் உணரி என்று சொல்லலாம். எங்கள் மோட்டர் ஆளிக்குப் பக்கத்தில் அம்மா ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருக்கிறார்: "தாங்கி உணரி. நிப்பாட்ட வேண்டாம்."