அம்மாவின் அலுமாரியை அவசரப்பட்டு ஒழிக்காதீர்கள்

அந்தியேட்டி முடிந்த கையோடு அலுமாரியையும் வெறுமையாக்கிவிடும் வீடுகளைக் கொழும்பில் அடிக்கடி பார்க்கிறேன். காரணம் விளங்குகிறது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு லீவு முடிகிறது, வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் இடமும் இல்லை. ஆனால் உளவளத்துணைக்கு என்னிடம் வருபவர்கள், மாதங்கள் கழித்து, "அந்த ஒரு சாறியையாவது வைத்திருக்கலாம்" என்று அழுகிறார்கள். நகையை நினைத்து அழுபவர்கள் குறைவு. அப்பாவின் மூக்குக்கண்ணாடி, அம்மா கணக்கெழுதிய கொப்பி, கைபட்டுத் தேய்ந்த திருவலை, இவற்றைத்தான் தேடுகிறார்கள்.

மணத்துக்கு இதில் தனி இடம் உண்டு. பார்ப்பதும் கேட்பதும் தலமஸ் என்ற மூளைப்பகுதி வழியாகவே போகின்றன. மணமோ அந்தச் சுற்று இல்லாமலே, உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகம்பஸுக்கும் குறுக்குவழியில் போய்ச் சேருகிறது. அப்பாவின் சேர்ட்டை முகர்ந்ததும், என்ன ஏது என்று யோசிக்க முன்னமே கண் கலங்குவது அதனால்தான். ஓர் உடுப்பையாவது தோய்க்காமல் எடுத்து, ஈரம் இல்லையென்று பார்த்து, இறுக மூடும் பையில் வையுங்கள். கொழும்பின் கடற்காற்றில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும்.

1983இல் வீட்டோடு அல்பமும் எரிந்துபோன குடும்பங்களும், 1995இல் கையில் அகப்பட்டதோடு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்களும் நம்மிடையே நிறைய. அப்படியான வீட்டில் மிஞ்சிய ஒரு மங்கிய படத்துக்கு என்ன பெறுமதி என்று வெளியார் சொல்ல முடியாது. ஒன்றுமே மிஞ்சாதவர்களிடம், அம்மா வைத்த குழம்பின் பக்குவத்தை எழுதச் சொல்கிறேன். எழுதத் தொடங்கினால் அவரின் பேச்சும் கூடவே வந்துவிடும்.

பெற்றோர் இருக்கிறார்களா? அப்போ இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பொருளை அவர்கள் கையில் கொடுங்கள். யார் தந்தது, எங்கே வாங்கியது என்று கேட்டு, குரலைப் போனில் பதியுங்கள். கதை தெரியாவிட்டால் பேரப்பிள்ளைக்கு அது பழைய மணிக்கூடு மட்டும்தான்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. சிலருக்கு அறையைத் திறக்கவே முடியாது, ஆறு மாதம் தாண்டியும் வேலை, சாப்பாடு எதுவும் ஓடாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு இத்தகைய நீடித்த துயரத்தைச் சிகிச்சைக்குரிய நிலையாகவே ஏற்றிருக்கிறது. அப்படி யாராவது வீட்டில் இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தமிழிலும் கதைக்கலாம்.